புரிந்தது, ஆனால் போட வரவில்லை: முதலாண்டு அறிவியல் பாடங்களில் தடுமாறுபவர்களுக்கு

"கிளாஸ்ல எல்லாம் புரிஞ்சுது, நோட்டையும் மூணு தடவை படிச்சேன், ஆனா கேள்வித்தாளைப் பார்த்ததும் எதுவுமே போட வரலை." கல்லூரியில் முதல் அறிவியல் தேர்வு முடிந்த வாரத்தில் இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. பெரும்பாலும் பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள், இந்தப் பாடத்தை விரும்பி எடுத்தவர்கள், தேர்வுக்கு முந்தைய இரவு தூங்காமல் உட்கார்ந்தவர்கள். அவர்கள் "எனக்கு அறிவியலே வராது போல" என்று முடிவு கட்டுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் அந்த முடிவு தப்பு.

அந்த வாக்கியத்திலேயே நோய் என்ன என்பதும் இருக்கிறது. "புரிந்தது" என்பது ஒரு உணர்வு, "போட வருகிறது" என்பது ஒரு திறமை. பள்ளியில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் தெரிவதில்லை, தேர்வில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்த கேள்வியாகவோ, அதிலேயே எண்ணை மாற்றிய கேள்வியாகவோ இருக்கும். கல்லூரியின் முதல் இயற்பியல், வேதியியல், உயிரியல் தாள்களில் அப்படியில்லை. பாடத்தில் படித்த கருத்தைப் பாடத்தில் வராத ஒரு இடத்தில் பயன்படுத்தச் சொல்வார்கள். பள்ளியில் ஒரு மாதம் எடுத்துக்கொண்ட பகுதி இங்கே ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதனால் நேற்றுவரை கைகொடுத்த படிப்பு முறை இன்று கைவிடுகிறது. முறையை மாற்ற முடியும். ஆனால் இரண்டு நாளில் மாறாது, நான்கைந்து வாரம் பிடிக்கும், முதல் இரண்டு வாரம் முன்பைவிடக் கஷ்டமாகக்கூடத் தோன்றும். இதை முன்பே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

விடைத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

குறைந்த மதிப்பெண் வந்த தாளைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு அதை மறக்கப் பார்ப்பது மனித இயல்பு. ஆனால் எங்கே ஓட்டை என்று துல்லியமாகக் காட்டும் ஒரே ஆவணம் அதுதான். ஒரு நாள் ஆறப்போடுங்கள், அப்புறம் எடுத்து உட்காருங்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். என் அனுபவத்தில் காரணங்கள் நான்குதான். விஷயமே தெரியாது. விஷயம் தெரியும், ஆனால் இந்தக் கேள்வி அதைத்தான் கேட்கிறது என்று அடையாளம் தெரியவில்லை. எல்லாம் தெரியும், ஆனால் கணக்கிலோ அலகிலோ கை தவறியது. கடைசியாக, நேரம் போதவில்லை.

நான்குக்கும் மருந்து வேறு வேறு. முதலாவது என்றால் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். இரண்டாவது என்றால் திரும்பப் படிப்பது கிட்டத்தட்ட வீண், புதுக் கேள்விகளைப் போட்டுப் பழக வேண்டும். மூன்றாவது என்றால் கணிதம். நான்காவது பல நேரம் இரண்டாவதன் மாறுவேடம்தான், எப்படித் தொடங்குவது என்று யோசித்தே அரை மணி நேரம் போயிருக்கும். முதலாண்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருந்தது. அவர்களோ அதுவரை முதல் குவியலுக்கான மருந்தை மட்டுமே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காரணம் எழுதி முடித்ததும், தவறிய கேள்விகளை வெள்ளைத்தாளில் விடையைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. போன தேர்வுக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்று தோன்றும். அடுத்த பாடம் இதன் மேல்தான் கட்டப்படுகிறது. விசை புரியாமல் ஆற்றல் புரியாது, மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) புரியாமல் கரைசல் கணக்கு ஒன்றும் நகராது.

நோட்டை மூடுங்கள்

திரும்பத் திரும்ப வாசிப்பதும், வண்ணப் பேனாவால் கோடு போடுவதும் படிப்பது போலவே இருக்கும். பக்கம் பழகிவிடுவதால் "இது எனக்குத் தெரியும்" என்று மனது சொல்லும். தெரிந்தது பக்கத்தின் முகம்தான், உள்ளே இருக்கும் விஷயம் இல்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியை இரண்டு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை வாசித்தவர்களே முன்னிலை, 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. தேர்வுக்கு முந்தைய இரவு நோட்டை வாசித்தவருக்கு ஏன் அவ்வளவு நம்பிக்கை வருகிறது, போன மாதப் பாடம் ஏன் காணாமல் போகிறது, இரண்டுக்குமே இதில் விளக்கம் இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிமையானது, ஆனால் சங்கடமானது. வகுப்பு முடிந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளுக்குள், நோட்டை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். இன்று என்ன நடந்தது என்று நினைவிலிருந்து எழுதுங்கள்: முக்கியக் கருத்து என்ன, எந்தச் சமன்பாடு வந்தது, அதில் ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது, எப்போது அந்தச் சமன்பாடு செல்லாது. பத்து நிமிடத்தில் தாள் பாதிகூட நிறையாது. பரவாயில்லை, அந்த வெறும் இடம்தான் உங்களுக்கு வேண்டிய தகவல். இப்போது நோட்டைத் திறந்து விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். மூன்று நாள் கழித்து அதே தலைப்புக்கு இன்னொரு வெள்ளைத்தாள். இரண்டாவது தாளில் அந்த வேறு நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். இப்படிப் படிக்கும்போது குறைவாகக் கற்பது போலத் தோன்றும். 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்பில் நடந்த ஒரு ஆய்வு வெளிவந்தது. ஒரே பாடத்தை ஒரு பிரிவு நல்ல விரிவுரையாகக் கேட்டது, இன்னொரு பிரிவு குழுவாகக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்துக் கற்றது. சோதனையில் போட்டுப் பார்த்தவர்களுக்கே மதிப்பெண் அதிகம். ஆனால் "எவ்வளவு கற்றதாக நினைக்கிறீர்கள்" என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். திணறுவது நமக்குத் தோல்வி போலப் படுகிறது, அவ்வளவுதான். வழவழவென்று ஓடும் விளக்கக் காணொளியைப் பார்த்து முடித்ததும் வரும் திருப்தியும் இதே வகைதான், அதை நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள்.

கணக்குப் போடும் முறை

தீர்த்து வைத்த கணக்கை வரிசையாக வாசித்தால் ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தேர்வில் யாரும் "இந்த வரி நியாயமா" என்று கேட்பதில்லை, "அடுத்த வரி என்ன" என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே தீர்வை ஒரு அட்டையால் மூடிவிட்டு, கேள்வியை மட்டும் படித்து, முதல் வரி என்னவாக இருக்கும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். அப்புறம் அட்டையை ஒரு வரி இறக்குங்கள். ஒத்துப்போனால் அடுத்தது. ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்று, அவர்கள் ஏன் இந்த வழியில் போனார்கள் என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். "ஏனென்றால் உராய்வு இல்லை, அதனால் ஆற்றல் மாறாது" என்ற மாதிரி. அந்த "ஏனென்றால்" வாக்கியத்தை எழுத முடியாத இடம் எதுவோ அதுதான் உங்களுக்குப் புரியாத இடம்.

சொந்தமாகப் போடும்போது 15, 20 நிமிடம் முழுதாக முட்டிப் பாருங்கள். படம் வரையுங்கள், தெரிந்தது எது தெரியாதது எது என்று எழுதுங்கள், எந்த விதி பொருந்தலாம் என்று யோசியுங்கள், ஒரு முனையிலிருந்து வராவிட்டால் மறுமுனையிலிருந்து வாருங்கள். அதற்கு மேல் ஒரு அடிகூட நகரவில்லை என்றால் தீர்வைப் பார்க்கலாம், குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் பார்த்ததும் மூடிவிட்டு, அதே கணக்கை வெள்ளைத்தாளில் முதலிலிருந்து போட வேண்டும், இரண்டு நாள் கழித்து இன்னொரு முறையும். பார்த்து முடித்த கணக்கைப் போட்டு முடித்த கணக்காக எண்ணிக்கொள்வதுதான் வீட்டுப்பாடத்தில் முழு மதிப்பெண்ணும் தேர்வில் பாதியும் வருவதற்குப் பெரிய காரணம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டாலும் இதே விதிதான். முதலில் உங்கள் முயற்சியை எழுதிவிட்டு "நான் எங்கே தவறினேன்" என்று கேளுங்கள், விடையைக் கேட்காதீர்கள். அது சொல்வதும் சில நேரம் தப்பாக இருக்கும், ஆகவே அலகையும் விடையின் அளவையும் நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

அந்த இரண்டாவது குவியலுக்கு, அதாவது கேள்வியை அடையாளம் காணத் தெரியாத சிக்கலுக்கு, இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1981இல் மிஷலின் சீயும் சக ஆய்வாளர்களும் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து வகைப்படுத்தச் சொன்னார்கள். புதிதாகப் படிப்பவர்கள் "இது சாய்தளக் கணக்கு, இது சுருள்வில் கணக்கு" என்று கண்ணில் படும் பொருளை வைத்துப் பிரித்தார்கள். அனுபவசாலிகள் "இது ஆற்றல் அழியாமை, இது நியூட்டனின் இரண்டாம் விதி" என்று உள்ளே இயங்கும் விதியை வைத்துப் பிரித்தார்கள். 5 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வில்லாத சாய்தளத்தில் வழுக்கி வரும் கட்டையும், அதே உயரத்திலிருந்து நேராக விழும் கல்லும் கீழே வரும்போது ஒரே வேகத்தில்தான் இருக்கும், வினாடிக்குச் சுமார் 9.9 மீட்டர். சாய்தளத்தின் கோணம் விடையில் வரவே வராது. "சாய்தளம்" என்ற சொல்லைப் பார்த்ததும் சைன், கொசைன் என்று இறங்குபவர் இரண்டு பக்கம் எழுதுவார், ஆற்றலைப் பார்த்தவருக்கு இரண்டு வரி போதும்.

இந்தக் கண் வருவதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. புத்தகத்தின் பல அத்தியாயங்களிலிருந்து பத்துக் கேள்விகளைக் கலந்து எடுங்கள். எதையும் போட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் "எந்த விதி, ஏன்" என்று ஒரே வரி எழுதுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பலன் பெரிது. போட்டுப் பழகும்போதும் கலந்தே போடுங்கள். அத்தியாய முடிவில் இருக்கும் இருபது கணக்கையும் வரிசையாகப் போடும்போது எந்த விதி என்று யோசிக்கும் வேலையே இல்லை, அத்தியாயத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஒரு சோதனையில், நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகவும் இன்னொரு குழு கலந்தும் போட்டன. பயிற்சியின்போது வகை வகையாகப் போட்டவர்களுக்கு 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்களுக்கு 60. ஒரு வாரம் கழித்து வந்த தேர்வில் முன்னவர்களுக்கு 20, பின்னவர்களுக்கு 63. பயிற்சியில் வரும் தப்புகளைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த எண்களே போதும்.

தலைக்குள் ஏற்கெனவே இருக்கும் அறிவியல்

நாம் வெறும் தலையோடு வகுப்புக்கு வருவதில்லை. நடந்து, விழுந்து, பொருட்களைத் தள்ளி, எறிந்து சேர்த்த ஒரு சொந்த இயற்பியல் உள்ளே இருக்கிறது, அது பல இடங்களில் தப்பு. மேல்நோக்கி எறிந்த கல் உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? பெரும்பாலானோர் பூஜ்ஜியம் என்பார்கள். பூஜ்ஜியமாக இருப்பது திசைவேகம். முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8தான். அதுவும் பூஜ்ஜியமானால் கல் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். லாரியும் சிறிய காரும் மோதினால் எது அதிக விசை கொடுக்கிறது? இரண்டும் ஒரே அளவுதான். காரின் நிறை குறைவு என்பதால் அதன் முடுக்கம் அதிகம், அதனால் அதில் இருப்பவர்களுக்குத்தான் அடி பலம்.

அன்றாடச் சொற்களும் காலை வாரிவிடும். கடையிலும் வீட்டிலும் எடை என்றாலே கிலோ. இயற்பியலில் கிலோகிராமில் சொல்வது நிறை, எடை என்பது நியூட்டனில் சொல்லும் விசை. தலையில் மூட்டையோடு ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாலும் நீங்கள் மூட்டையின் மேல் செய்த வேலை பூஜ்ஜியம் என்பதை உடல் ஒப்புக்கொள்ளாது, பொருள் விசையின் திசையில் நகர்ந்தால்தான் வேலை என்ற வரையறை ஒப்புக்கொள்ளும். வேதியியலில் சமநிலை என்றதும் இரண்டு பக்கமும் சம அளவு என்று மனது போகும். சமமாக இருப்பது முன்னோக்கு, பின்னோக்கு வினைகளின் வேகம், பொருட்களின் அளவு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்பதும் பரவலான தப்பு. உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் வெளிவருகிறது. உயிரியலில் ஏடிபி (செல்களில் ஆற்றலைக் கொண்டுசேர்க்கும் மூலக்கூறு) பற்றிப் படிக்கும்போது இது தெளிவாக இல்லாவிட்டால் பெரிய குழப்பம் வரும்.

இப்படியான இடங்களில் சரியான விடையைப் பழைய நம்பிக்கையின் மேல் ஒட்டினால் தேர்வு முடிந்ததும் உதிர்ந்துவிடும். ஆகவே நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கென்று ஒதுக்குங்கள்: "நான் நினைத்தது", "உண்மையில் நடப்பது", "என் நினைப்பு சரியென்றால் என்ன விபரீதம் நடந்திருக்கும்". மூன்றாவது கட்டம்தான் முக்கியம். அந்தரத்தில் தொங்கும் கல் அதற்கு ஒரு உதாரணம். இன்னொன்று, மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. மண்ணிலிருந்து என்று பலர் நினைப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி ஒரு வில்லோ கன்றை 200 பவுண்டு மண்ணில் நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 164 பவுண்டு கூடியது, மண் குறைந்தது சுமார் இரண்டு அவுன்ஸ். தண்ணீர்தான் மரமானது என்று அவர் முடிவுக்கு வந்தார். அதிலும் ஒரு பகுதிதான் உண்மை, மரத்தில் இருக்கும் கார்பன் முழுவதும் காற்றின் கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து வந்தது. இந்தக் கணக்கை ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்த்தவருக்கு ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை மனப்பாடம் செய்யும் தேவை பாதி குறைந்துவிடும்.

அடியில் ஒளிந்திருக்கும் கணிதம்

வேதியியல் வரவில்லை என்று வருபவர்களில் பலருக்கு வராதது விகிதம். இயற்பியல் வரவில்லை என்பவர்களுக்குப் பல நேரம் சமன்பாட்டை மாற்றி எழுதுவதில் தயக்கம். இதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை, கண்டுபிடித்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் சரிசெய்யக்கூடிய விஷயம் இது. எழுத்துகளாலான சமன்பாட்டில் ஒன்றைத் தனியே பிரித்தெடுப்பது, விகிதமும் சதவீதமும், பத்தின் அடுக்குகள், வரைபடத்தில் சாய்வு எதைச் சொல்கிறது என்பது, மடக்கை, கொஞ்சம் திரிகோணமிதி. இவ்வளவுதான் பட்டியல். தினம் 20 நிமிடம் தனியாக ஒதுக்கிப் போடுங்கள், அறிவியல் படிக்கும் நேரத்தோடு கலக்காதீர்கள். மடக்கை தெரிந்தால் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 3 கரைசலுக்கும் பிஎச் 5 கரைசலுக்கும் ஹைட்ரஜன் அயனிச் செறிவில் நூறு மடங்கு வித்தியாசம் என்பது எண்ணைப் பார்த்ததும் தெரியும். தெரியாவிட்டால் "இரண்டுதானே வித்தியாசம்" என்று போய்விடுவீர்கள்.

அலகை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள், கடைசி வரியில் மட்டும் ஒட்டாதீர்கள். வேகம் கேட்ட கணக்கில் மீட்டர் வகுத்தல் வினாடி வர்க்கம் என்று வந்தால், எண்ணைப் பார்க்காமலே தப்பு என்று தெரிந்துவிடும். 1999இல் நாசாவின் செவ்வாய் காலநிலை ஆய்வுக்கலம் தொலைந்துபோனது, ஒரு மென்பொருள் பவுண்டு விசையில் கொடுத்த எண்ணை இன்னொன்று நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதால்தான். விடை வந்ததும் அதன் அளவையும் ஒரு கணம் பாருங்கள். ஓடும் மனிதரின் வேகம் வினாடிக்கு 300 மீட்டர் என்று வந்தால் அவர் ஒலியோடு போட்டி போடுகிறார் என்று அர்த்தம், எங்கோ புள்ளி நகர்ந்திருக்கிறது.

வேதியியலும் உயிரியலும்

வேதியியலின் சிரமத்தை அலெக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து வேதியியல் கல்வியாளர் அழகாகப் பிரித்துக் காட்டினார். ஒரே விஷயத்தை மூன்று தளங்களில் பேசுகிறோம்: கண்ணால் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளின் உலகம், காகிதத்தில் எழுதும் குறியீடு. ஆசிரியர் ஒரே வாக்கியத்துக்குள் மூன்றுக்கும் தாவுவார், புதிதாகக் கற்பவர் குறியீட்டிலேயே நின்றுவிடுவார். இதற்கு நான் சொல்வது, எந்த வினையைப் படித்தாலும் தாளை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் குடுவையில் என்ன தெரியும், நடுவே மூலக்கூறுகளை வட்டங்களாக வரைந்து எது எதோடு சேர்ந்தது, மறுபக்கம் சமன்பாடு. 18 கிராம் தண்ணீர் என்பது சில தேக்கரண்டி அளவு, உள்ளே 6.022 × 10²³ மூலக்கூறுகள், காகிதத்தில் ஒரு மோல். மூன்றும் ஒன்றே என்று கை பழகிவிட்டால் மோல் கணக்கு பயமுறுத்தாது.

உயிரியலில் வேறு விதமான மூச்சுத் திணறல், ஒரு வாரத்துக்கு எத்தனை புதுச் சொற்கள்! எல்லாவற்றையும் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்தால் சொற்கள் வரும், தேர்வில் கேட்கும் "இந்த நொதி வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்பதற்கு விடை வராது. ஆகவே சொற்களை அம்புக்குறிகளால் இணைத்து, எது எதை உண்டாக்குகிறது என்று நினைவிலிருந்து வரையுங்கள். வரைந்ததும் ஒரு பெட்டியை அடித்துவிட்டு, அதற்கு அடுத்ததெல்லாம் என்ன ஆகும் என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பள்ளியில் தாய்மொழியில் படித்துவிட்டு இங்கே வேறு மொழியில் படிப்பவர்கள் முதலில் தங்கள் மொழியிலேயே சொல்லிப் பார்ப்பது நல்லது, பிறகு பாடமொழியில். கருத்தோடும் மொழியோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டினால் எதில் சிக்கல் என்றே தெரியாமல் போய்விடும்.

வாரம், தூக்கம், கூட்டாளிகள்

ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரம் என்பது பல கல்லூரிகள் சொல்லும் கணக்கு. அதை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செலுத்த முடியாது. வகுப்புக்கு முன் 15 நிமிடம் தலைப்புகளையும் படங்களையும் ஒரு ஓட்டம் பாருங்கள், புரிய வேண்டியதில்லை, புதுச் சொற்கள் காதில் விழுந்திருந்தால் போதும். அன்று மாலை வெள்ளைத்தாள். மற்ற நாட்களில் தினம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கணக்கு, அதில் கால்வாசி பழைய பாடத்திலிருந்து. தேர்வுக்கு முந்தைய இரவு தூங்குங்கள். தூக்கத்தில்தான் அன்று படித்தது நிலைபெறுகிறது, தூங்காத மூளை தெரிந்த கணக்கையே தப்பாகப் போடும்.

1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர், முதலாண்டு நுண்கணிதத்தில் சில மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். உழைப்பு குறைவு, ஆர்வம் குறைவு என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். அவர் பார்த்ததோ, தோற்றவர்கள் நன்றாகவே உழைத்தார்கள், ஆனால் தனியாக. நன்றாகச் செய்தவர்கள் தனியே போட்டுவிட்டு அப்புறம் கூடி, ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்து, தப்பைப் பிடித்து, சண்டை போட்டார்கள். இதை வைத்து அவர் குழுவாகக் கடினமான கணக்குகளைப் போடும் வகுப்புகளைத் தொடங்கினார், தேர்ச்சி நன்றாகவே உயர்ந்தது. நீங்களும் மூன்று நான்கு பேர் சேருங்கள், ஆனால் ஒவ்வொருவரும் முதலில் தனியே முயன்ற தாளோடு வர வேண்டும் என்ற விதியை விடாதீர்கள். அந்த விதி இல்லாவிட்டால் ஒருவர் போடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், மறுபடி "புரிந்தது"தான்.

ஆசிரியரிடம் போகவும் தயங்காதீர்கள். "ஒண்ணுமே புரியல சார்" என்று போய் நின்றால் அவர் பாடத்தை மறுபடி சொல்வார், நீங்கள் மறுபடி தலையாட்டிவிட்டு வருவீர்கள். நீங்கள் போட்ட தாளைக் கொண்டுபோங்கள். "மூணாவது வரி வரைக்கும் வந்தேன் மேடம், இங்கே உந்த அழியாமையைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று தெரியவில்லை" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். இரண்டாம் தேர்வு வரை காத்திருக்காமல் முதல் தேர்வு முடிந்த வாரமே போங்கள். பாடத்திலிருந்து விலகவோ, துணை வகுப்பில் சேரவோ கடைசித் தேதி எது என்பதையும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒருவேளை தேவைப்பட்டால் நிதானமாக முடிவெடுக்கலாம்.

இதைப் படிப்பவர் உதவி செய்யும் இடத்தில் இருந்தால்

அண்ணனோ அக்காவோ, சீனியரோ, துணை ஆசிரியரோ யாராக இருந்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். தடுமாறும் ஒருவர் கணக்கோடு வந்தால் நம் கை தானாகப் பேனாவைத் தேடும். நாம் போட்டுக் காட்டினால் நமக்கும் திருப்தி, அவருக்கும் நிம்மதி, ஆனால் அவர் கற்றது குறைவு. பேனா அவர் கையிலேயே இருக்கட்டும். "கேள்வி என்ன கேட்கிறதுன்னு உன் வார்த்தையில சொல்லு" என்று தொடங்குங்கள். "எங்க வரைக்கும் தெரியும்?" என்று கேளுங்கள். தப்பான வரி எழுதினால் உடனே திருத்தாமல் "இது சரின்னா அலகு என்ன வரும்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பத்து வினாடி மௌனம் மிக நீளமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் எட்டாவது ஒன்பதாவது வினாடியில் அவரே அடித்துவிட்டுத் திருத்தி எழுதுவார். எழுதி முடித்ததும் அந்தத் தாளை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, அதே மாதிரி இன்னொரு கேள்வியை, நீங்கள் எழுந்து போன பிறகு தனியாகப் போட்டுவிட்டு நாளைக்கு எடுத்து வரச் சொல்லுங்கள்.